முள் திரும்பிய பக்கம்

மலையடிவாரக் காட்டில், உண்ணிச்செடிப் புதருக்குக் கீழே, ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் வளை தோண்டி வாழ்ந்துவந்தது. மேலறையில் தாயும் அவளுடைய கைக்குட்டியும் இருந்தார்கள். கீழறை மூத்தவள் கருமுள்ளிக்கும் அவள் தம்பி வரியனுக்கும்.

கீழறைக்கு இரண்டு வாசல்கள். பாறைப் பக்கம் ஒன்று, ஓடைப் பக்கம் ஒன்று. முள்ளம்பன்றிகள் இரவில் இரை தேடிப் பகலில் உறங்குபவை அல்லவா? விடிந்ததும் படுக்க வரும் பிள்ளைகளுக்குத் தாய் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். அக்கா பாறை வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுக்க வேண்டும். தம்பி ஓடை வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுக்க வேண்டும். நடுவில் முகமும் முகமும் பார்த்துக்கொள்ளும். எந்த வாசலில் எவன் தலையை நீட்டினாலும் முள்தான் அவனை வரவேற்கும்.

குட்டிகளாக இருந்தவரை இது சுகமாகத்தான் இருந்தது. வளர வளரத்தான் வினை வந்தது.

"டேய், மூச்சை அந்தப் பக்கம் விடுடா! கிழங்கு நாத்தம் தாங்கல!"

"அந்தப் பக்கம் எப்படிக்கா விடுறது? மூக்கு இந்தப் பக்கம்தானே இருக்கு!"

"தூக்கத்துல வாலை ஆட்டாதே! கலகலன்னு உயிரை வாங்குற!"

"நானா ஆட்டுறேன்? அதுவா ஆடுது!"

வரியன் சொன்னது பொய்யில்லை. கனவு கண்டால் அவன் வால்முட்கள் தாமாகக் குலுங்கும். ஆனால் தூக்கம் கெட்டவளிடம் நியாயம் பேசி என்ன பயன்?

கருமுள்ளியிடம் ஒரு பொக்கிஷம் இருந்தது. புள்ளிமான் உதிர்த்துவிட்டுப் போன கொம்பு அது. வளர்ந்துகொண்டே இருக்கும் பற்களைத் தேய்க்க முள்ளம்பன்றிகளுக்கு இப்படி ஏதாவது வேண்டும். அவள் அதைத் தலைமாட்டில் வைத்து, தினமும் கொஞ்சமே கொஞ்சம் கொறிப்பாள். ஒருநாள் விடியலில் வந்து பார்த்தால், கொம்பு இருந்த இடத்தில் ஒரு துண்டுதான் கிடந்தது. தம்பியின் மீசையெல்லாம் வெள்ளைத் தூள்.

"ஒரு ஓரம்தான் கடிச்சேன்க்கா... அப்புறம் அதுவா..."

"வாயை மூடு! எல்லாமே உனக்கு அதுவாத்தான் நடக்கும்!"

அன்றே அவள் ஓடைக்கரைக் களிமண்ணை வாயில் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து அறையின் நடுவில் சுவர் எழுப்பினாள். வரியன் சும்மா இருந்தானா? "நல்லதாப் போச்சு!" என்று அவனும் அந்தப் பக்கமிருந்து மண் அப்பினான். மாலைக்குள் சுவர் கூரையைத் தொட்டுவிட்டது. பாறை வாசல் அவளுக்கு, ஓடை வாசல் அவனுக்கு.

"இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதே!"

"நீயும் என்னைத் தம்பின்னு கூப்பிட வேண்டாம்!"

மறுநாள் வரியன் இடம் போதாமல் சுவரைக் கொஞ்சம் நெட்டித் தள்ளினான். கருமுள்ளிக்குச் சுருக்கென்றது. எல்லையைக் காக்க என்ன வழி? அவள் வெளியே போய், பின்பக்கமாகவே வளைக்குள் நுழைந்து, முள்ளைச் சுவரில் பதித்துப் படுத்தாள். இனி நெட்டட்டும், பார்க்கலாம்! மண்ணைத் துளைத்து முள்நுனி எட்டிப் பார்த்ததும் வரியனுக்கும் ரோசம் வந்தது. அவனும் அப்படியே படுத்தான். பாதி அறையில் திரும்பிப் படுக்க இடமில்லை. திரும்ப வேண்டுமென்றால் வெளியே போய்த்தான் வர வேண்டும். அந்தச் சிரமம் யாருக்கு வேண்டும்? அப்படியே பழகிப்போனது.

மேலறையிலிருந்து தாய் குரல் கொடுத்தாள். "என்ன பிள்ளைகளா, சத்தமே காணோம்? சண்டை தீர்ந்துபோச்சா?"

"தீர்ந்துபோச்சும்மா!" இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது.

பால்குடிக் குட்டியை விட்டு நகர முடியாத தாய் அதை நம்பினாள். வீட்டில் சத்தம் இல்லையென்றால் எந்தத் தாயும் சமாதானம் என்றுதானே நினைப்பாள்?

ஓடைக்கரையில் ஒரு மலைப்பாம்பு இருந்தது. அந்த வளையின் மேல் அதற்கு நெடுநாளாக ஒரு கண். எப்போது எட்டிப் பார்த்தாலும் முள்தான் தெரியும்; நாக்கை இழுத்துக்கொண்டு திரும்பிவிடும். ஒரு நண்பகலில் வழக்கம்போல எட்டிப் பார்த்தது. அதன் கண்ணையே அதனால் நம்ப முடியவில்லை. வாசலைப் பார்த்தபடி ஒரு மெத்தென்ற முகம் தூங்கிக்கொண்டிருந்தது!

"அடடே! கதவையும் திறந்து வச்சு இலையும் போட்டாச்சா!" என்றபடி அது சத்தமில்லாமல் உள்ளே வழுக்கியது.

சுவருக்கு அப்பால் வால் குலுங்கும் ஓசை கேட்டுக் கருமுள்ளி விழித்தாள். "ஆரம்பிச்சுட்டான்! வேணும்னே பண்றான்!" என்று முன்னங்கால்களால் காதைப் பொத்திக்கொண்டாள். ஓசை வேகமானது. பிறகு சுவர் அதிர்ந்தது. அவள் அசையவில்லை.

அப்போது சுவருக்கு அப்பால், மூச்சு முட்டிய குரல் ஒன்று கேட்டது.

"அக்கா!"

சுவர் எழும்பியதிலிருந்து அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பின்பக்கமாகப் பாய்ந்தால் சுவர் நொறுங்கிவிடும். ஆனால் அப்பால் இருப்பது தம்பியின் முதுகு. அவள் முள் முதலில் அவனைத்தானே குத்தும்? எதிரே இருந்த பாறை வாசல் வழியாக வெளியே ஓடினாள். பழைய அறையாக இருந்தால் அவனுக்கும் அவளுக்கும் இடையே ஒரு மூச்சுத் தூரம்தான். இப்போதோ பாறையைச் சுற்றி, புதரைச் சுற்றி, சரிவில் உருண்டு ஓட வேண்டியிருந்தது. "வரியா! இருடா! வந்துட்டேன்டா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

ஓடை வாசலில் பாம்பின் பாதி உடல் வெளியே நெளிந்துகொண்டிருந்தது. கருமுள்ளி திரும்பினாள். முட்களைச் சிலிர்த்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டிப் பின்பக்கமாகப் பாய்ந்தாள். பாம்பு துடித்துச் சுருண்டு, பிடியை விட்டுவிட்டு வெளியே வந்து விழுந்தது. அதன் விலாவில் முட்கள் வரிசையாக நின்றன.

"ஐயோ! நான் எட்டிப் பார்த்தப்போ எங்கடி போயிருந்துச்சு இந்த முள்ளு?" என்று சீறியபடி ஓடைக்குள் மறைந்தது.

கருமுள்ளி வளைக்குள் தம்பியிடம் ஓடினாள்.

வரியன் உயிரோடு கிடந்தான். ஆனால் பாம்பின் பல் பட்டு அவன் இடது கண் போய்விட்டது.

சத்தம் கேட்டு இறங்கி வந்த தாய், அறையின் நடுவில் நின்ற சுவரைப் பார்த்தாள். அதில் இருபுறமும் பதிந்திருந்த முள்தடங்களைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கியது. மகனின் காயத்தை நக்கிச் சுத்தம் செய்துவிட்டு, முன்னங்கால்களால் சுவரை இடிக்கத் தொடங்கினாள். கருமுள்ளி அழுதுகொண்டே அவளுடன் சேர்ந்து இடித்தாள்.

இடித்து முடித்ததும் அக்கா ஓடை வாசலைத் தான் எடுத்துக்கொண்டாள். அதற்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். தம்பி எதிரே வந்து படுத்தான். முகமும் முகமும் மறுபடி பார்த்துக்கொண்டன. அவன் தன் ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்தான். மீந்திருந்த கொம்புத் துண்டை அவள் அவன் மூக்கருகே தள்ளினாள். அவன் அதைக் கடிக்கவில்லை.

"அக்கா, என் மூச்சு நாறுதா?"

"நாறுது. நல்லா மூச்சை விட்டுத் தூங்குடா."

கூடப்பிறந்தவர் பக்கம் முள்ளைத் திருப்பிப் படுப்பவர், பகைவன் பக்கம் முகத்தைக் காட்டித்தான் படுத்திருக்கிறார்.