சுவரில் சிரிக்காத ராணி

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்து நாடொன்றில், மனைவியைப் பறிகொடுத்த ராஜா ஒருவர் இருந்தார். ராணி உமையாள் தேவி காய்ச்சலில் கிடந்து இறந்தபின், அவள் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. அரண்மனைச் சித்திரமாடத்துச் சுவரில் அவளைப் புன்னகையோடு தீட்டும்படி ஓவியன் நாகனுக்கு ஆணையிட்டார்.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு பகலில் ஓவியம் முடிந்தது. சுவர் முன் வந்து நின்ற ராஜாவின் முகம் வெளுத்துவிட்டது.

“இவள் சிரிக்கவில்லை. என்னைக் கோபமாகப் பார்க்கிறாள். நான் நகர்ந்தால் அந்தக் கண்ணும் நகர்கிறது.”

சபையினர் எட்டிப் பார்த்தார்கள். விளக்குச் சுடர் ஆடாமல்தான் நின்றது. ஆனாலும் ராணியின் இமை துடித்ததுபோல் பலருக்கும் தோன்றியது.

“ஆம் பிரபு, கடுங்கோபம்!” என்றார் மந்திரி வில்லவராயர். தன் மருமகனை அரண்மனை ஓவியனாக்க அவர் காத்திருந்தார். விகடர் மருதப்பனையும் அவருக்குப் பிடிக்காது. ராஜா சிரித்தால் விகடரின் பேச்சுக்குத்தான் சிரிப்பார். “இந்த நாகன் சாயத்தில் ஏவல் சூனியம் கலந்திருக்கிறான். கையை வெட்டுவதே நியாயம். இல்லையென்றால், நம் சமர்த்தர் மருதப்பன் தூரிகை தொடாமல் தேவியைச் சிரிக்க வைக்கட்டுமே!”

பயந்திருந்த ராஜா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். “மருதப்பா, இந்தச் சுவரை யாரும் தொடக்கூடாது. நாளை உச்சிப்பொழுதுக்குள் தேவி சிரிக்க வேண்டும். தவறினால் இவன் கையோடு உன் நாக்கும் போகும்.”

“உத்தரவு, பிரபு. சுவரைத் தவிர வேறு எதையும் தொடலாமா?”

“எதை வேண்டுமானாலும் தொடு!”

எல்லோரும் போனபின் நாகன் அழுதான். “நான் சிரிக்கிற மாதிரிதான் சாமி வரைஞ்சேன். இப்பவும் சிரிச்சிக்கிட்டுத்தானே இருக்காங்க? உங்களுக்குத் தெரியலையா?”

மருதப்பன் பார்த்தார். அவருக்குச் சிரிப்பும் தெரியவில்லை, கோபமும் தெரியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நிறுத்திவிட்டதுபோல் இருந்தது. அவ்வழியே போய்க்கொண்டிருந்த ராணியின் தாதி முத்தாயியைக் கூப்பிட்டு, “உனக்கு என்னம்மா தெரிகிறது?” என்று கேட்டார்.

“களைச்சுப்போயி இருக்காங்க, ஐயா. கடைசியில இப்படித்தான் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாங்க. ராஜா வந்துட்டாரான்னு கேப்பாங்க.”

“வந்தாரா?”

“வாசல் வரைக்கும் மிதியடிச் சத்தம் வரும். கொஞ்ச நேரம் நிக்கும். அப்புறம் திரும்பிப் போயிடும்.”

மறுநாள் காலை நிறைந்த சபையில் மருதப்பன் நேராகச் சென்று ராஜாவின் கையைப் பிடித்தார்.

“விகடரே! ராஜாவையா தொடுகிறீர்?” என்று வில்லவராயர் கத்தினார்.

“சுவரைத் தவிர எதையும் தொடலாம் என்பது ராஜ உத்தரவு, மந்திரியாரே.”

அவர் ராஜாவைச் சித்திரமாடத்துக்கு அழைத்துப் போகவில்லை. ராணி இறந்த நாள் முதல் பூட்டிக் கிடந்த அறையின் முன்னே கொண்டுபோய் நிறுத்தினார். வாசற்படியில் ராஜாவின் கால் எழவில்லை.

“வேண்டாம், மருதப்பா.”

“நான் கூடவே இருக்கிறேன், பிரபு.”

உள்ளே கஷாய வாசனை இன்னும் இருந்தது. தலையணையில் தலை பதிந்த குழி அப்படியே இருந்தது. ராஜா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். யாரோ மறுபுறம் நகர்ந்து இடம் விட்டதுபோல் கட்டில் முனகியது. மருதப்பனே ஓரடி பின்வாங்கினார். ராஜா மட்டும் அஞ்சவில்லை.

“உமையா, நீ சாகிறதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் உள்ளே வரவில்லை.” அவள் இறந்தபின் முதன்முறையாக வாய்விட்டு அழுதார்.

அழுத கண்ணோடு அவரைச் சித்திரமாடத்துக்குக் கூட்டிவந்தபோது உச்சிப்பொழுது நெருங்கியிருந்தது. மந்திரியும் சபையினரும் நாகனும் அங்கே காத்திருந்தார்கள். ராஜா நெடுநேரம் பார்த்தார்.

“சிரிக்கிறாள்,” என்றார் மெல்ல.

“ஆம் பிரபு! என்ன அழகான சிரிப்பு!” என்றார் வில்லவராயர்.

“நேற்று கடுங்கோபம் என்றீரே?” என்று மருதப்பன் திரும்பினார். “சுவரில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, பிரபு. ஓவியன் தீட்டுவது பாதி. மீதியைப் பார்க்கிறவர் மனம் தீட்டுகிறது. உங்கள் பாதியை நீங்கள் இன்று சரிசெய்துவிட்டீர்கள். மந்திரியார் இன்னும் ஓவியத்தைப் பார்க்கவே இல்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.”

ராஜா கடகடவென்று சிரித்தார். மாடத்தின் எதிரொலியில் இரண்டு பேர் சிரித்ததுபோல் கேட்டது. தம் முத்துமாலையைக் கழற்றி மருதப்பன் கழுத்தில் போட்டார்; நாகனின் வலக்கைக்குப் பொற்காப்பு பூட்டினார். பிறகு மந்திரியிடம், “நீர் இங்கே தனியாக இருந்து உம் சொந்தக் கண்ணால் பாரும். கண்டதை வந்து சொல்லும்,” என்று கதவைச் சாத்தச் சொன்னார்.

சற்றைக்கெல்லாம் உள்ளேயிருந்து கதவு படபடவென்று தட்டப்பட்டது. வில்லவராயர் பின்னால் திரும்பிப் பார்த்தபடியே வெளியே ஓடிவந்தார். மந்திரிப் பதவியின் முத்திரை மோதிரத்தைக் கழற்றி ராஜாவின் காலடியில் வைத்தார்.

“என்ன கண்டீர்?” என்று ராஜா கேட்டார்.

“வெறுஞ்சுவர், பிரபு. என் கண்ணுக்கு அங்கே யாருமே இல்லை.”