ஐம்பதில் ஒன்று

பள்ளிக்கூட மைதானத்தில் தான் ஓடவிட்ட பெண்ணிடமே அறுபது வயதில் சிஷ்யராகச் சேர்வோம் என்று பி.டி. வாத்தியார் அருமைநாயகம் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் சேர்ந்தார். துப்பாக்கி சுடும் கிளப்பில் தோட்டா அடைக்கும் அறைக்கு ஷம்ஷாத்தான் பொறுப்பு. வாசல் வரைக்கும் அவள் ஷம்ஷாத். உள்ளே வந்துவிட்டால் மாஸ்டர். அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

வலது மணிக்கட்டில் அவருக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. கடைத் தோட்டா போட்டால் அவருடைய சின்ன ரிவால்வர் கழுதை மாதிரி உதைக்கும். கூடவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். வெடிமருந்தைக் குறைத்து, மெல்ல அடிக்கிற தோட்டாவைத் தானே அடைத்துக்கொண்டால் சுடலாம்.

இன்று பதினோரு மணிக்கு மாவட்டப் போட்டி. இரண்டு வருஷமாக அவர் காத்திருந்த போட்டி. காலை ஏழு மணிக்கே வந்து, ஐம்பது பித்தளைக் கூடுகளில் மருந்து போட்டு, குண்டை வைத்துத் தோட்டாவாக அடைத்து முடித்து, தட்டை மாஸ்டர் முன்னால் வைத்தார். மணி ஒன்பதரை.

"நடுவுல எந்திரிச்சீங்களா சார்?"

"போன் வந்துச்சு. மகதான். ஒரு நிமிஷம்."

"எத்தனாவது கூட்டுல?"

அவருக்குச் சுருக்கென்றது.

"இருபத்தஞ்சு இருக்கும். முப்பதாக்கூட இருக்கலாம்."

"திரும்பி வந்து அடுத்த கூட்டுல மருந்து போட்டீங்களா, போட்ட கூட்டுலயே போட்டீங்களா?"

"ஞாபகம் இல்லையே மாஸ்டர்."

குறைந்த மருந்து கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இன்னொரு தடவை கொட்டினாலும் வழியாது. மேலே குண்டை வைத்து இறுக்கிவிட்டால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாது. சுடும்போது ரிவால்வர் கையிலேயே வெடித்துச் சிதறினால்தான் தெரியும்.

"எடை போட்டுப் பாத்துருவோம் மாஸ்டர்."

ஷம்ஷாத் இரண்டு காலிக் கூடுகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துக் காட்டினாள். இரண்டும் வேறு வேறு எடை.

"இந்த வித்தியாசம் அளவுதான் சார் நீங்க போடுத மருந்தே. எடையில எப்படித் தெரியும்?"

"அம்பதுல ஒண்ணு. அதுவும் நிச்சயமில்ல."

ஷம்ஷாத் குண்டு கழற்றும் சுத்தியலை எடுத்து மேஜையில் வைத்தாள். தோட்டாவை அதன் தலைக்குள் செருகி ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் தனித்தனியாகக் கழன்று விழும்.

"இத்தனையும் உடைச்சா போட்டி போயிரும்லா?"

"போயிரும் சார்."

அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுத்தியலை இடது கையில் எடுத்தார்.

தட்டினார். விழுந்த மருந்தை நிறுத்தார். சரியாக இருந்தது. அடுத்ததைச் செருகினார்.

இருபதாவதில் தோள்பட்டை கடுக்க ஆரம்பித்தது. முப்பதாவது வரை எல்லாம் சரியாகவே இருந்தன.

"குடுங்க சார், நான் தட்டுதேன்."

"வேண்டாம். அடைச்சவன் நாந்தான்."

நாற்பத்தொன்றில் இருக்கும்போது வெளியே போட்டியின் முதல் வெடிச்சத்தம் கேட்டது. அவர் தலையைத் தூக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைச் செருகினார்.

ஐம்பதாவதும் கழன்றது. மருந்தை நிறுத்துப் பார்த்தார். அதுவும் சரி.

சுத்தியலை மேஜையில் வைத்தார்.

"எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு மாஸ்டர்! ஒண்ணுகூடத் தப்பில்ல. அம்பதையும் சுட்டிருக்கலாமே!"

ஷம்ஷாத் காலிக் கூடுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தித் தட்டில் அடுக்கினாள்.

"உடைக்குத வரைக்கும் ஒண்ணுகூடச் சரியா இல்ல சார்."