உறங்காப்புலி போட்ட மரத்தவளை

மீனுக்கும் காக்கைக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், தூண்டில் போடுவது பெரிய வேலையே இல்லை. வீட்டில் எத்தனை வாய் என்று எண்ணிக்கொண்டு கண்மாய்க்குப் போவார்கள். ஒரு வாய் என்றால் முள்ளில் மாவு உருண்டை. அதற்கு ஒரு கெண்டை வரும். மூன்று வாய் என்றால் மண்புழு, கெளுத்தி வரும். ஏழெட்டு வாய்க்குத் தவளை, விரால் வரும். இரை எந்த அளவோ மீன் அந்த அளவு. கூடவும் வராது, குறையவும் வராது. கோக்கப்பட்ட தவளை என்ன சொன்னது என்பதை மட்டும் யாரும் கேட்டு வைக்கவில்லை.

இது இரண்டு பக்கமும் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு. ஊர்க்காரர்கள் கண்மாய்க் கரையை உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நடு மடுவை வற்ற விடக்கூடாது. மீன்கள் முறை வைத்து, இரையின் அளவைப் பார்த்து, தாமாகவே வந்து முள்ளைக் கவ்வ வேண்டும். அந்தக் காலத்தில் முள் மீனைப் பிடிக்காது. மீன்தான் முள்ளைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வரும். ஒரே ஒரு சிரமம், இரை பெரிதாகப் பெரிதாகக் காத்திருக்கும் நேரமும் கூடும். பெரிய மீன் என்றால் பிள்ளைகுட்டிகளிடம் சொல்லிக்கொண்டு வரவேண்டாமா?

அந்த ஊரில் உறங்காப்புலி என்று ஒருவன் இருந்தான். பேர் வைத்தவர்கள் வருவது தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும். அவனால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் கால் ஆடும், காலைப் பிடித்தால் கை ஆடும். உலையில் அரிசி போட்டால் கொதிப்பதற்குள் நாலு தடவை மூடியைத் திறந்து பார்ப்பான். அவன் பெண்சாதி ஒச்சம்மா கரண்டியாலேயே விரட்டுவாள்.

அவர்களுக்கு மாயக்கா என்று ஒரே மகள். அவளைப் பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்து, இரண்டும் கலைந்துவிட்டது. இரண்டும் உறங்காப்புலியால்தான். அந்த ஊர் வழக்கப்படி, பெண் கேட்டு வருகிறவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் ஒரே மீனை வெட்டி, ஒரே சட்டியில் குழம்பு வைத்துப் போட வேண்டும். இரண்டு மீனை வெட்டினால் குடும்பம் இரண்டாகும் என்று ஒரு பயம். முதல் தடவை பன்னிரண்டு பேர் வந்தார்கள். இவன் பெரிய தவளையைப் போட்டுவிட்டு, பொறுக்க முடியாமல் பாதியில் எடுத்துச் சின்னத் தவளையை மாட்டினான். வந்த மீன் ஐந்து பேருக்குத்தான் ஆயிற்று. மீதி ஏழு பேரும் வெறும் குழம்பைத் தொட்டுக்கொண்டு எழுந்து போனவர்கள்தான், திரும்பி வரவில்லை. இரண்டாவது தடவை மீன் சரியாக வந்தது. ஆனால் வந்தவர்கள் இலையில் கை வைக்கும் முன்பே "புடிச்சிருக்கா, புடிச்சிருக்கா?" என்று ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் போய் நின்றான். இந்த வீட்டில் சம்பந்தம் வைத்தால் தூக்கம் போய்விடும் என்று அவர்களும் போய்விட்டார்கள்.

மூன்றாவதாக மேற்கே மலையடிவாரத்து ஊரிலிருந்து தவசி என்பவர் தன் மகனுக்குக் கேட்டு ஆள் அனுப்பினார். ஏழு பேர் வருகிறோம் என்று தகவல். மாயக்காவுக்கு மாப்பிள்ளையைச் சந்தையில் பார்த்த பழக்கம் உண்டு. பிடித்திருக்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. முதல் நாள் மாலை அப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அய்யா, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் சும்மா இருங்கய்யா" என்றாள். கெஞ்சிக் கேட்டுப் பழக்கமில்லாத பெண்.

மறுநாள் விடிந்ததும் ஒரு தவளையோடு கரைக்குப் போனான். முள்ளில் கோக்கப் போகும்போது காக்கை ஒன்று புளியமரத்தில் வந்து உட்கார்ந்தது.

"ஏழுன்னு சொன்னது தப்பாம்ப்பா. எங்களைக் கூப்பிடலைன்னு சொந்தம் பூரா கோவிச்சுக்கிட்டு வண்டியில ஏறிருச்சு. நாப்பது தலை. நாலு வண்டி. உச்சிக்கு வந்துருவாங்க."

"நாப்பதா!"

"நான் எண்ணுனது நாப்பது. கைப்பிள்ளைகளைச் சேக்கல" என்று சொல்லிவிட்டு அது பறந்துவிட்டது.

நாற்பது வாய்க்கு என்ன இரை? வாத்துதான். அதுவும் நன்றாகக் கொழுத்த வாத்து. அன்றைக்கென்று பார்த்து ஊர் வாத்துகளையெல்லாம் அறுப்பு முடிந்த வயலுக்கு ஓட்டிப் போயிருந்தார்கள். போய்ப் பிடித்துவர அரை நாள் ஆகும். பிடித்து வந்தாலும் வாத்துக்கு மீன் வர இன்னொரு அரை நாள். உறங்காப்புலி கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். தலையில் அடித்துக்கொண்டான். வண்டிப் பாதையைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான், மறுபடி வண்டிப் பாதையைப் பார்த்தான்.

கரையோரம் ஒரு முள்முருங்கை விழுந்து கிடந்தது. தக்கை மாதிரி லேசான மரம். அரிவாளை எடுத்தான். ஒரு துண்டை வெட்டி, முதுகை வளைத்து, காலைச் செதுக்கி, வாத்துப் பருமனுக்கு ஒரு தவளையைச் செய்துவிட்டான். ஆவாரை இலையைக் கசக்கிப் பச்சை பூசினான். வயிற்றில் பெரிய முள்ளை இறுக்கிக் கட்டினான். அதுவரைக்கும் உலகத்தில் எவனும் பொய் இரை போட்டதில்லை. போடலாம் என்பதே யாருக்கும் தோன்றியதில்லை.

தூக்கி எறிந்தான். மரத்தவளை மிதந்தது. அவன் கைதான் சும்மா இருக்காதே! கயிற்றை வெடுக் வெடுக்கென்று சுண்டினான். சுண்டச் சுண்ட மரத்துக்கு உயிர் வந்துவிட்டது. தத்தியது, நின்றது, மறுபடி தத்தியது.

மடுவின் அடியில் வாளை மீன் கிழவி ஒருத்தி இருந்தாள். கண்மாய் வெட்டிய நாளிலிருந்து இருப்பவள். அவள் அளவுக்கு இரை போட்டு யாரும் அவளைக் கூப்பிட்டதே இல்லை. தன்னை மறந்துவிட்டார்களோ என்று அவளுக்கு ஒரு குறை. தலைக்கு மேலே நிழல் தத்துவதைப் பார்த்ததும், "எனக்கு முறை வந்திருச்சு" என்று பேரன் பேத்திகளிடம் சொல்லிக்கொண்டு மேலே வந்தாள். அகலமாக வாயைத் திறந்து கவ்வினாள்.

பல் மரத்தில் இறங்கியது.

கரையருகே வந்து தலையைத் தூக்கினாள். மீசை இரண்டும் நடுங்கின.

"இது என்னப்பா? மரமா?"

உறங்காப்புலி கரையோரம் குனிந்தான். "பசி நெசந்தான் ஆத்தா. நாப்பது வாய் வருது. எம் மக காரியம். இரை மட்டுந்தான்..."

"இத்தனை காலமா ஒருத்தரும் கூப்பிடல. கூப்பிட்ட அன்னைக்கு மரத்தைக் காட்டிக் கூப்பிட்டியா? புள்ளைககிட்டச் சொல்லிட்டு வந்தேன்டா நானு."

"வண்டி வந்துருமே ஆத்தா! வாத்துக்கு நேரமில்ல. தப்புத்தான், வந்துரு ஆத்தா!"

"நேரமில்லைன்னு வந்து சொல்லியிருந்தா நானே வந்திருப்பேன்" என்றாள் கிழவி. அது அவனைச் சுட்டது. அப்படிக் கேட்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"நீ காட்டுற அளவை நம்பித்தான் நாங்க அளவா வந்தோம். இனி எந்த அளவைக் காட்டினாலும் நாங்க அளவு பாக்க மாட்டோம். யாரு வருவா, எத்தினி பெருசு வருவா, வருவாளா மாட்டாளா, உனக்குத் தெரியாது. முள்ளைக் கவ்வினாலும் இனி நாங்களா கரைக்கு வர மாட்டோம். முடிஞ்சா இழுத்துக்க." வாயைத் திறந்து மரத்தவளையைத் துப்பிவிட்டு மடுவுக்குள் இறங்கிப் போனாள். மீன் மனிதனோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

வண்டிப் பாதையில் புழுதி எழுந்தது. உறங்காப்புலி கையோடு கொண்டுவந்த தவளையைப் பதறிப் பதறிக் கோத்துப் போட்டான். போட்டவுடன் இழுத்தது. எடுத்தால், தவளையின் கால்விரலைக் கவ்விக்கொண்டு விரல் நீளத்துக்கு ஒரு கெண்டை! அவன் அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதான். வாளைக்குச் சொன்ன பொய்யை நினைத்தும் அழுதான், மகளை நினைத்தும் அழுதான்.

வண்டிகள் கரையிலேயே வந்து நின்றன. நாற்பது பேரும் இறங்கினார்கள். பின்னாலேயே ஒச்சம்மாவும் மாயக்காவும் ஓடி வந்தார்கள். மகளிடம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. மாயக்கா சேற்றைக் கிளறி ஒரு மண்புழுவை எடுத்து, கெளுத்திக்குப் போடும் மெல்லிய கயிற்றில் கோத்து அவன் கையில் கொடுத்தாள்.

"இனி அளவே இல்லேன்னுதானேய்யா அந்தக் கிழவி சொன்னா? போடுங்க."

போட்டான். தக்கை அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. அடுத்த நொடி மொத்தமாக உள்ளே போய்விட்டது. கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடியது. உறங்காப்புலி பாய்ந்து இழுக்கப் போனான். மாயக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இழுக்காதீங்கய்யா! அந்துரும்! விடுங்க, ஓடட்டும்!"

அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சும்மா இருந்தான். உடம்பெல்லாம் துடித்தது, கை மட்டும் அசையவில்லை. மீன் ஓடினால் விட்டான், களைத்தால் ஒரு முழம் சுற்றினான். நாற்பது பேரும் கரை நெடுகக் கூடிவிட்டார்கள். தவசி தன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "சாப்பாடு கிடக்கட்டும்ப்பா, மொதல்ல அதைக் கரை சேருங்க!" என்று கத்தினார். மாப்பிள்ளை கழுத்தளவு தண்ணீரில் இறங்கிவிட்டான். உச்சி சாய்ந்த பிறகுதான் அது மேலே வந்தது. ஆள் நீளத்துக்கு ஒரு வாளை. கிழவி இல்லை, வேறொன்று. வாயோரத்தில் ஒரு மண்புழு.

உறங்காப்புலி அதன் முகத்தருகே குனிந்து, "ஆத்தா என்னை மன்னிச்சாளா?" என்று கேட்டான். அது வாயைத் திறந்தது, மூடியது. சத்தம் ஒன்றும் வரவில்லை.

ஒரே மீன், ஒரே சட்டி. குழம்பில் தண்ணீர் சற்றுக் கூடுதல்தான், ஆனால் யாரும் குறை சொல்லவில்லை. தவசி தாம்பூலத்தை மாற்றிக்கொண்டே, "மீனைப் பாத்தோம், பொண்ணையும் பாத்தோம். மனசுக்குப் புடிச்சது" என்று தானாகவே சொன்னார். உறங்காப்புலி ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் ஊரே அவன் வீட்டு வாசலில் கூடிவிட்டது. ஒண்டியாக இருந்தவர் போட்ட மாவு உருண்டைக்கு விரால் வந்து கோலையே ஒடித்துவிட்டது. பதினைந்து வாய் உள்ள வீட்டில் பெரிய தவளையைப் போட்டு ஒற்றைக் கெண்டையோடு திரும்பியிருந்தார்கள். வைதார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள். பிறகு ஆளுக்கொரு அளவாகப் போட்டுப் பார்த்தார்கள். பெரிய இரைக்குப் பெரிய மீன் வருவது கொஞ்சம் கூடத்தான் இருந்தது. ஆனால் அதை நம்பி உலை வைக்க முடியவில்லை.

உறங்காப்புலி உண்மையான வாத்து ஒன்றைக் கோத்துக்கொண்டு மடுவோரம் போய், விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் கையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் அல்ல, பல நாள். கிழவி வரவில்லை. வரமாட்டாள் என்றும் அவனால் முடிவு கட்ட முடியவில்லை. எந்த நிமிஷமும் வரலாமே!

அன்று முதல்தான், பெரிய இரையைக் கோத்தவன் நிம்மதியாக இருப்பதுமில்லை, சின்னப் புழுவைக் கோத்தவன் ஆசையை விடுவதுமில்லை. தண்ணீருக்கு அடியில் யார் என்று தெரியாமல் இருவரும் தக்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.