பெரியப்பா கேட்ட தண்ணி

"குடிச்சிட்டு வர்றவங்களுக்கு மண்டபத்துல இடமில்லை" என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கச் சொன்னதே மாப்பிள்ளையின் பெரியப்பா தணிகாசலம்தான். ரிசப்ஷன் மேடையிலும் ஏறி அதையே அரை மணி நேரம் முழங்கித் தொலைத்தார். இறங்கியதும் பெண்ணின் அப்பாவைப் பந்திக்கூடத்து மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"எங்க ஆளுங்களுக்குத் தண்ணி வேணும். இல்லேன்னா காலையில தாலி ஏறாது."

பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். பந்தியில் தண்ணீர் ஊற்றும் தேசம்மாவுக்கு அதைக் கேட்டுப் பற்றிக்கொண்டு வந்தது. குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள்.

"நான் பார்த்துக்கிறேன், கலங்காதீங்கய்யா" என்றாள் பெண்ணின் அப்பாவிடம்.

மேடை மைக்கை எடுத்துவந்தாள். இருபது லிட்டர் கேனைத் தணிகாசலத்தின் காலடியில் தொப்பென்று இறக்கினாள்.

"பெரியப்பாவுக்குத் தண்ணி வேணுமாம், தரலேன்னா தாலி ஏறாதாம். இந்தாங்க!" என்று மைக்கில் அலறினாள்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"ஏய், நான் கேட்டது இந்தத் தண்ணியா?" என்று பல்லைக் கடித்தார்.

மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். "வேற எந்தத் தண்ணின்னு நீங்களே சொல்லுங்க, சாமி."

பேச வாய் வரவில்லை. குடிக்கத்தான் வந்தது. அவள் ஊற்ற ஊற்ற, நாலு சொம்பு!

ஊருக்கெல்லாம் தண்ணி காட்டியவருக்கு அன்றைக்குத் தேசம்மா காட்டினாள் தண்ணி.