படித்துறைக்குப் புறப்பட்ட கல்

முன்னொரு சமயம், சாமான்கள் எல்லாம் தங்களுக்குள் பேசிக்கொண்டே காத்துக் கிடந்த ஒரு துறைமுகத்தில், ஒரு கல் வந்து இறங்கியது.

அது அழகான கல் இல்லை. அதில் அதற்கு வருத்தமும் இல்லை. கடலுக்கு அப்பால் ஒரு மலையிலிருந்து அறுத்தெடுத்த கருங்கல். ஆள் நீளம் இருக்கும். மேல்முகம் பூனை நாக்கைப் போலச் சொரசொரவென்றிருக்கும். அந்தச் சொரசொரப்புக்காகவே அங்கே குவாரியில் வேலை பார்த்த ஒருவன் அதைத் தேர்ந்தெடுத்துத் தன் ஊருக்கு அனுப்பினான். அவன் ஊர்ப் படித்துறையில் கடைசிப் படி உடைந்து கிடந்தது. மீன்கூடையோடு இறங்கும் பெண்கள் பாசியில் சறுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். போன மாரியில் அவனுடைய அக்கா மெற்றில்டா விழுந்து கையை முறித்துக்கொண்டாள்.

"உம்மேல கால் வச்சா வழுக்கக் கூடாது. அவ்வளவுதான் உன் வேலை" என்று கல்லைத் தட்டிக்கொடுத்து ஏற்றிவிட்டான்.

கல்லுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கடல் வழியெல்லாம் ஈரக் கால்களையே நினைத்துக்கொண்டு வந்தது.

சுங்க முற்றத்தில் முதலில் விசாரித்தது எடைமேடை. வருகிற போகிற பாரமெல்லாம் ஏறி இறங்கியதில் அதற்கு எதன்மேலும் பெரிய மரியாதை கிடையாது.

"எங்கல போறே?"

"படித்துறைக்கு."

"இங்க வாரவன் எல்லாரும் எங்கயாவது போறதாத்தான் சொல்லுவான். மொதல்ல நீ யாருன்னு முடிவாகணும்."

"நான் கல்."

எடைமேடை சிரித்த சிரிப்பில் அதன் முள் ஆடியது. "இப்படிப் பொத்தாம்பொதுவாச் சொல்லாத. மாட்டிக்கிடுவே. அந்தா புத்தகம் வருது, அதுகிட்டக் கேளு."

வரிப் புத்தகம் மதிப்பீட்டு அதிகாரி ஆவுடையப்பனின் அக்குளில் அமர்ந்து பவனி வந்தது. குதிரை முதல் குண்டூசி வரை உலகத்தில் உள்ளதெல்லாம் தனக்குள் வரிசையாக இருப்பதாக அது நம்பியது. தன்னிடம் இல்லாத பொருளைக் கண்டால் அந்தப் பொருளின் பிழை என்றே கருதும். அந்த முற்றத்தில் கல் பேசினால் மனிதர்களுக்குக் கேட்காது. புத்தகம் பேசினால் மட்டும் கேட்கும்.

"நீ வெறும் அறுத்த கல்லா, மெருகேற்றிய கல்லா?" என்றது புத்தகம்.

"அறுத்த கல். மெருகே கிடையாது."

"அதை நீ சொல்லக் கூடாது. அறுத்த கல் என்றால் கட்டடச் சாமான், சொற்ப வரி. மெருகேற்றியது என்றால் அலங்காரம். சீமான் வீட்டுச் சரக்கு. வரியும் சீமான் வரி."

"தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே."

"பதற்றப்படாதே. அதைத்தான் செய்யப்போகிறோம்."

ஆவுடையப்பன் குனிந்து கட்டைவிரலால் கல்லைத் தேய்த்துப் பார்த்தார். "கொஞ்சம் வழவழன்னு இருக்கோ?"

சுமைதூக்கும் பிச்சையா பக்கத்தில் நின்றான். "சார், அது உங்க விரலு. இப்பத்தான வடை தின்னீங்க."

அதிகாரி விரலைத் துடைப்பதற்காகக் கைக்குட்டையை எடுத்தார். எடுத்ததுதான் எடுத்தோமென்று அதனாலும் கல்லை நன்றாகத் தேய்த்துப் பார்த்தார். சந்தேகம் தீரவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் மேலிடத்துக்கு எழுத வேண்டும். எழுதினார்.

பக்கத்தில் ஒரு பளிங்குப் பலகை சாய்ந்து நின்றது. முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி ஒரு மெருகு. ஆனால் முகம் முழுக்கச் சேறு.

"என்ன அக்கா, முகத்தில் சேறு?" என்று கல் பரிவோடு கேட்டது.

"சேறு இல்லை, முன்யோசனை" என்றது பளிங்கு. "நீ இப்படி முகத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு நிற்காதே."

மறுநாள் ஆவுடையப்பன் பளிங்கிடம் வந்தார். கைக்குட்டை சலவைக்குப் போட்டு வந்த புதுசு. சேற்றைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார். "கரடுமுரடான கல்" என்று எழுதி முத்திரை குத்தினார். அன்று மாலையே பளிங்கு ஒரு பங்களாவின் குளியலறைக்குக் கிளம்பிப் போனது.

கல் இருந்தது. மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து சட்டைக் கையால் தேய்த்துப் பார்த்தார். அவருக்கும் மேலிடத்திலிருந்து இருவர் வந்து மாறி மாறித் தேய்த்து, மாறி மாறி அபிப்பிராயம் சொன்னார்கள். பிறகு சோதனைச் சாலையிலிருந்து ஆள் வந்தார். அவர் விஞ்ஞான முறைப்படி, ஒரு பொடியைத் தூவித் துணியால் தேய்த்தார். யாரும் வராத நாட்களில் பிச்சையாவும் கூட்டாளிகளும் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தார்கள். புத்தகமும் சில மதியங்களில் அதன்மேல் படுத்துத் தூங்கியது.

மெற்றில்டா பஸ் பிடித்து வந்து வந்து போனாள். முறிந்த கை கூடிவிட்டது. கல் மட்டும் வந்து சேரவில்லை.

"ஐயா, இது படிக்கட்டுக்கு உள்ள கல்லுய்யா. வழுக்கக் கூடாதுன்னே தம்பி பாத்து அனுப்பினது."

"அதத்தாம்மா நாங்களும் பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார் ஆவுடையப்பன்.

"பாருங்க, வேண்டாங்கல. எதுக்கு இந்தத் தேய் தேய்க்கீய?"

"தேய்க்காம எப்படிம்மா தெரியும்?"

"மழை வருதுய்யா. பொம்பளைய விழுந்துக்கிட்டே இருக்காளுவ" என்றாள். ஆவுடையப்பன் மெய்யாகவே வருத்தப்பட்டார். வருத்தத்தோடு ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.

ஒரு காலையில் எடைமேடை அலறியது. "ஏல, உன் மூஞ்சியில என்னல என் முள்ளு தெரியுது?"

கல் தன்னைப் பார்த்தது. மேகம் தெரிந்தது. பாரந்தூக்கியின் கொக்கி தெரிந்தது. பூனை நாக்கு மட்டும் எங்கேயும் இல்லை.

புத்தகம் விரைந்து வந்து எட்டிப் பார்த்தது. தன் முகமும் தெரியக் கண்டு பரம திருப்தி அடைந்தது. "மெருகேற்றிய கல். அலங்காரம். ஐயமே இல்லை."

"நான் வரும்போது இப்படி இல்லையே!"

"வரும்போது எப்படி இருந்தாய் என்பதில்தான் சந்தேகம் இருந்தது. இப்போது தெளிந்துவிட்டது."

"தேய்த்தது நீங்கள் அல்லவா?"

"தேய்ந்திருக்கிறதா என்று கேட்க என்னிடம் இடமுண்டு. தேய்த்தது யார் என்று கேட்க இடமில்லை" என்றது புத்தகம். சொல்லும்போது அதன் குரலில் எந்த உறுத்தலும் இல்லை.

சேதி கேட்டு மெற்றில்டா வந்தாள். வரி எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினாள். பாட்டில் தண்ணீரைக் கல்லின்மேல் ஊற்றி, ஒரு காலை வைத்தாள். கல் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் திரட்டி அந்தக் காலை நிறுத்தப் பார்த்தது. கால் வழுக்கிக்கொண்டு போயிற்று. பிச்சையா தோளைப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பாள்.

"இதக் கொண்டுபோயிப் போட்டா ஒருத்தி ரெண்டு பேரு இல்ல, ஊரே விழும்" என்றாள். "நீங்களே வச்சுக்கிடுங்க." திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கல்லை ஏலம் விட்டார்கள். கேட்க ஆளில்லை. கடைசியில், இவ்வளவு பளபளப்பை வீணாக்குவானேன் என்று ஆவுடையப்பனே அதைத் தன் அலுவலக வாசலுக்குப் படியாகப் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா, படியா ஆயிட்ட" என்றது எடைமேடை.

முதல் மழை பெய்தது. ஆவுடையப்பன் அக்குளில் புத்தகத்தோடு வாசலிறங்கினார். அடுத்த கணம் அவர் ஒரு பக்கம் கிடந்தார், புத்தகம் குட்டையில் குப்புறக் கிடந்தது. அவருக்கு வலக்கை முறிந்தது.

மறுநாளே கொத்தனார் வந்தார். பத்துப் பேர் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கவில்லை. உளியை வைத்து டக்கு டக்கென்று கொத்திவிட்டு, வாங்கி வைத்த டீ ஆறும் முன்னே எழுந்துவிட்டார். கல்லின் முகம் மறுபடியும் சொரசொரவென்று ஆகிவிட்டது.

"இவ்வளவுதானால வேலை?" என்றது எடைமேடை.

புத்தகத்திடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அது தாள்கள் விரிந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

மழை விடாத இன்னொரு நாள், ஈரக் கால் இரண்டு கல்லின் முன்னே வந்து தயங்கின. கல்லுக்கு அந்தக் கால்களைத் தெரிந்தது. மெற்றில்டா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு காலை மெல்ல வைத்தாள். கால் நின்றது. மற்றதையும் வைத்தாள். அதுவும் நின்றது.

"நல்லா நிக்குதே!" என்றாள், குடையோடு வந்த பிச்சையாவிடம். "இந்த மாதிரிக் கல்லுதாம்ல எங்க துறைக்கு வேணும்."

"என்னக்கா இந்தப் பக்கம்?"

"தம்பி இன்னொரு கல்லு அனுப்பியிருக்கான். மொதக் கல்லவிடச் சொரசொரப்பாம். இன்னைக்கு இறங்கியிருக்கு."

பிச்சையா அவள் காலடியைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் முற்றத்திலிருந்து ஆவுடையப்பனின் குரல் வந்தது:

"பிச்சையா, எனக்குக் கை முடியல. நீ வந்து கொஞ்சம் தேய்ச்சுப் பாரு."