பேர் வெட்டாத வண்டி

ஒரு ஊரில் ஒரு வண்டி இருந்தது. 'இருந்தது' என்றுதான் சொல்ல வேண்டும். 'ஓடியது' என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

ஊர் தாராபுரம். வண்டி டீசல் பிக்கப், வெள்ளை நிறம். வாங்கியவர் சென்னியப்பன், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். கடை அவர் மனைவி அமராவதியின் பெயரில் நடந்தது. உள்ளதைச் சொன்னால் அமராவதியால்தான் நடந்தது. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் வாடகை லோடு ஆட்டோக்காரருக்குப் போன் அடித்து அடித்து அலுத்துப்போய், "சொந்தமா ஒண்ணு எடுங்க மாமா" என்று வருஷக்கணக்கில் நச்சரித்தவளும் அவள்தான்.

எடுத்தார். எடுத்த அன்றைக்கே ஆரம்பித்தது கூத்து.

கோயில் வாசலில் வண்டிக்குச் சந்தனம் வைத்தார்கள், மாலை போட்டார்கள், நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னார்கள். 'நமக்கு இட்ட முதல் வேலை இவ்வளவு சுலபமா!' என்று வண்டி பெருமையாக நசுக்கியது. அதற்கப்புறம் தனக்கு வேறு வேலையே வரப்போவதில்லை என்று அதற்குத் தெரியாது, பாவம்.

சென்னியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னப் பையனாட்டம் சிரித்தார். "அம்மிணி, ஏறி உக்காந்து பாரு! பஸ் டிரைவராட்டம் எல்லாத்தோட மண்டையும் கீழ தெரியுது!"

"மண்டையெல்லாம் அப்புறம் எண்ணலாமுங்க. நாளைக்கு மூலனூருக்கு லோடு இருக்குது."

"நாளைக்கா? புது வண்டியிலயா?" அவர் முகம் வெளுத்துவிட்டது. "அண்டா காது பட்டா பெயிண்ட் என்னத்துக்கு ஆகும்? நாளைக்கு மட்டும் ஆட்டோவக் கூப்பிட்டுக்கலாம்."

மறுநாள் மூலனூருக்கு ஆட்டோ போனது. அதற்கடுத்த முகூர்த்தத்துக்கும் ஆட்டோதான். சொந்த வண்டியின் மேல் கை ஊன்றிக்கொண்டு, வாடகை வண்டிக்கு "பாத்துப் போங்க" என்று வழியனுப்பிய முதல் மனிதர் உலகத்திலேயே சென்னியப்பனாகத்தான் இருப்பார்.

கம்பெனியிலிருந்து சீட்டின் மேல் சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவர் கழற்றவில்லை. சித்திரை வெயிலில் சட்டை அதில் ஒட்டிக்கொள்ள, இறங்கும்போதெல்லாம் சரக்கென்று தன்னைத் தானே உரித்துக்கொண்டு இறங்குவார். காலையில் துடைப்பார். கொஞ்ச நேரம் இன்ஜினை உறுமவிட்டுக் காது குளிரக் கேட்பார். பிறகு நடந்தே போய் வரக்கூடிய பேக்கரிக்கு வண்டியில் போய், டீ குடித்துவிட்டு வருவார். பேக்கரியில் எல்லோரிடமும் ஒரே வசனம்தான்:

"ஒரே ஒரு கோடு விழட்டும், அன்னிக்கே வித்துப்போட்டு வேற எடுத்துருவேன்."

அதைக் கேட்ட நாளிலிருந்து வண்டிக்குள் ஒரு நடுக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"கேட்டாயா?" என்றது பிளாஸ்டிக் தாள். அதற்குப் பேச்செல்லாம் வழவழவென்று இருக்கும். "நீ ஷோரூமில் இருந்த மாதிரியே இருக்க வேண்டும். அதுதான் அவருக்குப் பிடிக்கிறது. ஒரு கோடு விழுந்தாலும் உன் கதை முடிந்தது."

"எதுவும் மேலே படாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்றது வண்டி.

முற்றத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கரகரத்த சிரிப்பு கேட்டது. கவிழ்த்துப்போட்டிருந்த பெரிய அண்டாதான். அடி கருத்து, இடுப்பில் சொட்டை விழுந்து, ஒரு காது கொஞ்சம் வளைந்து கிடந்த அண்டா.

"ஏனுங், மகாராசா! உங்க பேரு என்னுங்க?"

வண்டி நெஞ்சை நிமிர்த்தியது. "முன்னால் பளபளவென்று போட்டிருக்கிறதே, படிக்கத் தெரியாதா?"

"அது உன்னையச் செஞ்ச கம்பெனி பேரு. உன்ற பேரக் கேட்டேன். இங்க பாரு." அண்டா தன் விளிம்பைக் காட்டியது. 'அமராவதி பாத்திரக்கடை, தாராபுரம்' என்று உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. "போன தையில ஒரு மண்டபத்துல வேற கடைக்காரங்க என்னையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இந்தப் பேரப் பாத்துத்தான் திருப்பிக் கொண்டாந்து விட்டாங்க. உன்னைய எவனாச்சும் தூக்கிட்டுப் போனா என்னத்தப் பாத்துத் திருப்புவான்?"

"அசிங்கமாக உளியால் குத்தி வைத்திருக்கிறார்கள். அதில் பெருமை வேறா?" என்று தாள் முகம் சுளித்தது.

"உன்கிட்டப் பேசலைங்க தாளு. நீ கிழிஞ்சா குப்பை. வாய மூடு" என்றது அண்டா.

வண்டி பதில் சொல்ல வாயெடுத்தது. சொல்ல முடியாதபடி அதற்கு அப்போது தொண்டை அடைத்தது. நிஜமாகவே அடைத்தது. இந்தக் காலத்து டீசல் வண்டிகளுக்குப் புகை போகிற வழியில் ஒரு வடிகட்டி உண்டு. வண்டி நன்றாகச் சூடேறி ஓடினால்தான் அதில் படிகிற கரி எரிந்து போகும். டீ குடிக்கப் போய் வருகிற வண்டிக்கு எங்கிருந்து சூடேறும்? கரி படிந்து படிந்து, ஒரு நாள் காலையில் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

"அட கெரகமே!" என்று அலறினார் சென்னியப்பன். "அம்மிணி, யாரோ கண்ணு வெச்சுட்டாங்க!"

"உங்க கண்ணத் தவிர வேற யாரு கண்ணு அதும் மேல பட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டே அமராவதி சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க" என்றது போன். "கரி அடைச்சிருக்கு. நல்ல ரோட்டுல நிறுத்தாம ஒரு ஓட்டு ஓட்டுங்க. லோடு வெச்சு ஓட்டுனா இன்னும் நல்லது."

அமராவதி போனை வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். "டாக்டரே சொல்லிட்டாரு. இன்னிக்குக் காங்கேயத்துக்குப் பாத்திரம் போகோணும். ஆட்டோவுக்கு நான் போன் பண்ண மாட்டேன். ஓட்டறதுதான் ஓட்டறீங்க, அண்டாவ ஏத்திட்டு ஓட்டுங்க."

வேறு வழியில்லை. ஏற்றினார்கள். அண்டாக்களுக்கு நடுவே மெத்தை, ஓரமெல்லாம் தலையணை. பெரிய அண்டாவுக்கு மட்டும், கல்யாணச் சீராக வந்து பீரோவிலேயே கிடந்த பட்டுப்போர்வையை எடுத்து வந்து சென்னியப்பனே தன் கையால் சுற்றினார்.

"பேறுகாலத்துக்குப் போற புள்ளையக்கூட இப்படிப் போத்திக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க" என்றாள் அமராவதி.

வண்டி பயந்துகொண்டே கிளம்பியது. பாரம் முதுகில் அழுத்தியது. 'முறிந்துவிடுவோம்' என்று நினைத்தது. ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தது: காலியாகப் போகும்போது சின்னப் பள்ளத்துக்கும் தவளையாட்டம் குதிக்கிற பின்பக்கம் இப்போது குதிக்கவில்லை. நாலு சக்கரமும் தரையில் பதிந்து நின்றன. மேட்டில் ஏறும்போது வயிற்றுக்குள்ளிருந்து ஒரு பலம் கிளம்பி வந்தது. அப்படி ஒன்று தனக்குள் இருப்பதே அதற்கு அதுவரை தெரியாது. தொண்டை சுட்டது, கரகரத்தது, பிறகு மெல்லத் தெளிந்தது. மஞ்சள் விளக்கு அணைந்தது.

"என்ன அம்மிணி, இன்னிக்கு மெத்து மெத்துனு போகுது?"

"வெறும் வண்டிதானுங்க குதிக்கும்" என்றாள் அமராவதி, வெளியே பார்த்துக்கொண்டு. "சில மனுசங்களும் அப்படித்தான்."

காங்கேயத்தில் மண்டபத்து வாசல் பூராவும் வண்டிகள். பூ அலங்காரக்காரர் வண்டி, மைக் செட்டுக்காரர் வண்டி, காய்கறி இறக்க வந்த வண்டி. எல்லாமே வெள்ளை பிக்கப். எல்லாவற்றின் முகத்திலும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. ஒரே பிரசவத்தில் பிறந்தவை மாதிரி நின்றன.

சமையல் மாஸ்டர் ஆள்களோடு வந்தார். சென்னியப்பன் யாரையும் பக்கத்தில் விடவில்லை. "நவுருங்க, நவுருங்க! பெரிய அண்டாவ நானே இறக்கறேன். நீங்கெல்லாம் இழுத்துப்போடுவீங்க."

போர்வையோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். பட்டு வழுக்கியது. போர்வை அவர் கையில் நின்றது, அண்டா நிற்கவில்லை. வளைந்த காது வண்டியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழே சக்கரம் வரைக்கும் கர்ர்ரென்று ஒரு கோடு இழுத்துக்கொண்டே இறங்கியது.

சமையல் மாஸ்டர் குனிந்து கோட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

சென்னியப்பன் கத்தவில்லை. போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருப்பக்கம் நடந்துபோனார்.

"முடிந்தது" என்றது தாள். "ஆளைக் கூட்டிவரத்தான் போகிறார். விற்றுவிடுவார்."

வண்டிக்கு அழுகை வந்தது. "அண்டாவே, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? உன்னை மெத்தை நடுவில் வைத்துத்தானே சுமந்து வந்தேன்?"

"நானா பண்ணேன்? போர்த்துனவரு பண்ணது" என்றது அண்டா. ஆனால் அதன் குரலிலும் பழைய எகத்தாளம் இல்லை. "என்னைய வெட்டுன அன்னிக்கு நானும் அழுதேன். இப்பச் சும்மா இரு, வர்றாரு."

வந்தார். கையில் ஒரு சின்ன டூத்பேஸ்ட். பெயிண்டில் விழுந்த கோட்டை டூத்பேஸ்ட் வைத்துத் தேய்த்தால் போய்விடும் என்று பேக்கரியில் யாரோ சொல்லியிருந்தார்கள். வாசலில் முதலாவதாக நின்ற வெள்ளை வண்டியின் பக்கத்தில் போய்க் குந்தினார். மேலிருந்து கீழே தடவினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை தடவினார்.

"அம்மிணி!" என்று கத்தினார். "ஓடியா! கோட்டக் காணோம்! ஆத்தா காப்பாத்திட்டா!" வண்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டார். "என்ற ராசா!"

நாலு வண்டி தள்ளி நின்ற அவருடைய வண்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. விற்றிருந்தால்கூட அதற்கு அவ்வளவு வலித்திருக்காது. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்ல அதற்கு ஒரு வழியும் இல்லை.

"ஏனுங்ணா!" உள்ளேயிருந்து பூக்கூடையோடு வந்த அலங்காரக்காரர் அதட்டினார். "என்ற வண்டியக் கட்டிப்பிடிச்சுட்டு என்ன பண்றீங்க?"

அமராவதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிக்க நேரமானது.

சென்னியப்பன் எழுந்தார். வரிசையாக நின்ற வெள்ளை வண்டிகளைப் பார்த்தார். தினமும் துடைத்த வண்டி எது என்று அவருக்குத் தெரியவில்லை. வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, நம்பரும் மனதில் நிற்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஓர் இடத்தில் நின்றார். மேலிருந்து சக்கரம் வரைக்கும் ஒரு கோடு. கொஞ்சம் கோணல். நடுவில் அண்டா புரண்ட இடத்தில் ஒரு வளைவு.

விரலை வைத்துக் கோட்டின் மேல் மெதுவாக இழுத்தார். வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"தேய்ங்க" என்றாள் பின்னாலேயே வந்த அமராவதி. "தேய்ச்சாப் போயிரும். அடுத்த மண்டபத்துல இன்னொருத்தர் வண்டிக்கு முத்தம் குடுத்துட்டு நில்லுங்க. அண்டா வாங்குனா முதல் வேலையா உளிய எடுத்து வெட்டறீங்களே, அப்ப மட்டும் மனசு வலிக்கலையா?"

சென்னியப்பன் டூத்பேஸ்டைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். டூத்பேஸ்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கதவைத் திறந்து ஏறினார். சட்டை தாளில் ஒட்டியது. பிறகு இறங்கி, ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். தாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது, சரக்கென்று கிழிந்த சத்தத்தில் அது கேட்கவில்லை. மறுபடி ஏறி உட்கார்ந்தார். அத்தனை நாளும் அவரைச் சுமந்த சீட்டு அன்றைக்குத்தான் அவரைத் தொட்டது.

அதற்குள் பூ அலங்காரக்காரர் சமாதானமாகி, ஆளைக் காணாமல் வாசலிலிருந்தே சத்தம் போட்டார். "கோவிச்சுக்காதீங்ணா. ரெண்டு கூடை உள்ள போகோணும், உங்க வண்டியக் கொஞ்சம் முன்னாடி எடுங்க. இதுல எதுங்ணா உங்க வண்டி?"

சென்னியப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அதென்னுங்க அப்படிக் கேட்டுப்போட்டீங்க? பேரு வெட்டியிருக்குதே, தெரியலையா?"