பெயரில்லாத ஆம்ப் வாசல் தாண்டாது

"இந்த ஆம்ப்புக்கு வைக்க இன்னும் எத்தனை பேருதான் மிஸ் சொல்றது?" என்று கேட்டார் பரிமேலழகன்.

ரோசலின் மிஸ் ஒரு பழைய ஸ்பீக்கரின் கிழிசலில் பசை தடவிக்கொண்டிருந்தார்.

பரிமேலழகனுக்கு அறுபதைத் தாண்டியாயிற்று. மிஸ்ஸுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் பெரம்பூரில் கிதார்காரர்களுக்குப் பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையர் கட்டித் தரும் பட்டறை மிஸ்ஸுடையது. மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற கையோடு இவர் அங்கே போய்ச் சிஷ்யராகச் சேர்ந்தார். மகளுக்கு ஒரு ஆம்ப் தன் கையால் செய்து கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

மகள் யாழ்நங்கை கிதார் வாசிப்பவள். கோவாவில் ஒரு ஹோட்டல் பேண்டில் வேலை கிடைத்து, இன்று சாயங்கால ரயிலில் கிளம்புகிறாள். போகிற வழியில் ஆம்ப்பை எடுத்துப் போக வருகிறாள்.

ஆம்ப் தயார். பெயர்தான் இல்லை. பெயர் எழுதாத ஆம்ப் அந்தப் பட்டறையின் வாசலைத் தாண்டாது. அது மிஸ்ஸின் வழக்கம்.

பெயருக்கா பஞ்சம்? இடிமுழக்கம் என்றார். கர்ஜனை என்றார். வெறுத்துப்போய் மகள் பெயரையே வைத்துவிடலாம் என்றார். எல்லாவற்றுக்கும் மிஸ் "ம்" என்றார். அந்த "ம்" இருக்கிறதே, காலையிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தால் எப்பேர்ப்பட்ட சாதுவுக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றும்.

"அப்ப 'இரட்டை ரெக்டிஃபையர்'னு வச்சிருங்க" என்றார் பரிமேலழகன்.

அதில் அவருக்குத் தனிப் பெருமை. சுவரிலிருந்து வருகிற மின்சாரம் முன்னும் பின்னுமாக அலையும். அதை ஒரே திசையில் ஓடவைப்பது ரெக்டிஃபையர். சில ஆம்ப்பில் அந்த வேலைக்கு ஒரு வால்வு இருக்கும், சிலவற்றில் டயோடு. இவர் இரண்டையும் வைத்து, எது வேண்டுமோ அதற்கு மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்சும் போட்டிருந்தார். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களே ரெக்டிஃபையரின் பெயரை ஆம்ப்புக்கு வைக்கிறார்கள் என்று வாதாடினார்.

மிஸ் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார்.

"சார், பாட்டு ரெக்டிஃபையர் வழியாவா போகுது?"

"இல்ல."

"பின்ன?"

"அது கரண்ட் மட்டும்தான் குடுக்குது. பாட்டு வேற வழியா போகுது."

"ம்."

பரிமேலழகன் ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. எறிந்தார்.

எறிந்துவிட்டு அலமாரியைக் காட்டினார். அங்கே ரிப்பேருக்குத் திரும்பி வந்திருந்த ஆம்ப்களின் நெற்றியில் மிஸ்ஸின் வெள்ளைப் பெயின்ட் எழுத்துகள். ஒன்றில் 'டீ ஆறுது'. ஒன்றில் 'பஸ் போகட்டும்'. இன்னொன்றில் 'யாரு கதவத் தட்றது'. இதெல்லாம் ஒரு பெயரா, இடிமுழக்கம் இவற்றைவிட எந்த விதத்தில் மட்டம் என்று கேட்டார்.

"இதெல்லாம் நான் வச்சதில்ல சார்."

"பின்ன யாரு வச்சது?"

"வாசிச்சவங்கதான், வாசிச்சுக்கிட்டே" என்றார் மிஸ். மறுபடி பசைக்குப் போய்விட்டார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. யாழ்நங்கை தோளில் கிதாரோடு உள்ளே வந்தாள். நேரமாகிவிட்டது, ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன் என்றாள்.

பரிமேலழகன் ஓடிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தானே ஒயரைச் செருகினார். சுவிட்சை டயோடு பக்கம் தள்ளினார். அதுதான் கெட்டி. கம்பியை என்ன அடி அடித்தாலும் வோல்டேஜ் அசையாது, வால்வு என்றால் ஒரு கணம் விழும்.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். இவரும் ஆரம்பித்தார். இந்தக் குமிழைத் திருப்பு, அதைக் குறை, இன்னும் பலமாக அடி, பயப்படாதே, தாங்கும். அவளால் ஒரு வரியைக்கூட முழுதாக வாசிக்க முடியவில்லை.

"நல்லாருக்குப்பா" என்றாள்.

உப்பில்லாத சாம்பாரை விருந்தாளி பாராட்டுகிற மாதிரி இருந்தது. ஆட்டோவில் இடம் இருக்குமோ என்னவோ, அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஒயரைப் பிடுங்கினாள்.

அடுத்த தடவை என்றால் என்ன அர்த்தம் என்று அப்பாவுக்குத் தெரியாதா.

மிஸ் எழுந்து வந்தார். ஆம்ப்பை அணைத்தார். சுவிட்சை வால்வு பக்கம் தள்ளினார். பிடுங்கிய ஒயரைச் செருகி மறுபடி போட்டார். யாழ்நங்கையைப் பார்த்து, இன்னும் ஒரே ஒரு தடவை என்று விரலைக் காட்டினார்.

வால்வு சூடேற நேரம் எடுத்தது. அந்தக் கொஞ்ச நேரமும் பரிமேலழகன் அது ஏன் நேரம் எடுக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

யாழ்நங்கை ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

சத்தம் ஒரு கணம் உள்ளே அமுங்கியது. பிறகு மெல்ல எழுந்து, அறை முழுக்க விரிந்தது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுபடி அடித்தாள். அமுங்கியது, எழுந்தது. அவள் இழுத்தால் வந்தது, விட்டால் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள்.

பரிமேலழகனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாரியத்தில் முப்பது வருஷத்துக்கும் மேலாக ஊருக்கு வோல்டேஜ் விழாமல் காத்த மனிதர். கண்ணெதிரே, அதுவும் தான் கட்டிய ஆம்ப்பில், வோல்டேஜ் விழுகிறது.

"விழுதும்மா, விழுது. இரு, நான் மாத்திடறேன்." சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"சும்மா இருங்கப்பா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. வாசித்துக்கொண்டே சொன்னாள்.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அவள் நிறுத்தவில்லை. மறுபடி அடித்தார். அதற்கும் நிறுத்தவில்லை. பரிமேலழகன் கையை மெதுவாகக் கீழே இறக்கினார். மகள் வாசித்து முடிப்பதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்.

அவள் கடைசிக் கம்பியை மீட்டும்போது மிஸ் பெயின்ட் டப்பாவைத் திறந்திருந்தார். ஆம்ப்பின் நெற்றியில் நிதானமாக எழுதினார்.

சும்மா இருங்கப்பா.

"ஈரம் காயட்டும். அப்புறம் வண்டில ஏத்தலாம்" என்றார்.

"காய வேணாம் மிஸ், எழுத்துல எதுவும் படாம பக்கத்துலயே வச்சுப் பிடிச்சுக்கிறேன்" என்றாள் யாழ்நங்கை.

பரிமேலழகன் வாயைத் திறந்தார். பெயரைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.